பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் புயல் சேதம் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் ரேடார் படத்தில் பார்க்க முடியுமா?

இடிந்து விழுந்திருந்தால் ஓரளவு தெரியும். ஓடு நகர்ந்து ஒழுகினால் தெரியாது. நம் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். பிழைப்பு இந்த ரேடார் படங்களோடுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்தபோது, வெளியூர்ப் பங்காளிகள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மேலேயிருந்து நம்ம வீடு தெரியுதாப்பா?"

புயல் சமயத்தில் சாதாரணப் படத்தில் மேகம்தான் இருக்கும். ரேடாருக்கு மேகமும் இருட்டும் தடையில்லை. படங்கள் இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பிய சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறை வரும். புயலுக்கு முந்தைய படங்கள் இரண்டை ஒப்பிடுவோம். அப்புறம் முந்தையது ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் ஒப்பிடுவோம். சுவரும் தரையும் அப்படியே இருந்தால் திரும்பி வரும் அலைகள் ஒத்துப்போகும். இந்த ஒத்திசைவை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.8 இருந்த இடம் 0.3 ஆனால் அங்கே ஏதோ கலைந்திருக்கிறது. எது என்று படம் சொல்லாது. வாசலில் போட்டிருந்த கல்யாணப் பந்தலைப் பிரித்திருந்தாலும் சேதம் போலச் சிவப்பாகத்தான் காட்டும்! மரம் செடிகள் எப்போதுமே ஒத்துப்போகாது என்பதால் தோப்புக்குள் இருக்கும் வீட்டைக் கணிப்பது கடினம்.

2013இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டாக்லோபான் நகரைத் தாக்கியபோது நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம், ரேடார் படங்களை வைத்துச் சேத வரைபடம் போட்டது. அங்கே கடல் புகுந்து தெருத் தெருவாக வீடுகள் போயிருந்தன. அந்த அளவு அழிவுக்கு இது நல்ல கருவி. எந்த ஊருக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று அதிகாரிகள் முடிவெடுக்க உதவும்.

சென்டினல் படத்தில் ஒரு புள்ளி சுமார் 5க்கு 20 மீட்டர். இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் நம் வீடு பல புள்ளிகளில் விழும், அது வசதிதான். ஆனால் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நாலு நாட்டு ஓடு சரிந்து, தேக்கு உத்தரத்தில் தண்ணீர் இறங்குவது எந்தப் புள்ளியிலும் வராது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலை இலைகளை ஊடுருவும். அதற்கும் ஓட்டுச் சரிவு தெரியாது.

சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி, மழை விட்டதும் வளவை (முற்றம் உள்ள உள்பகுதியை) சுற்றி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உத்தரம் சுவரில் உட்காரும் இடம் கறுத்திருக்கிறதா என்று கிட்டப் போய்க் காட்டச் சொல்லுங்கள். கறுத்திருந்தால் அடுத்த மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பிடிக்க வேண்டும்.