ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வர்ற பதட்டமும் வாசனை எண்ணெயும்: கேள்வி பதில்

குன்னூர் பக்கம் வீடு வீடா போய் ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு பயிற்சி குடுக்கற பிசியோதெரபிஸ்ட் நான். வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கோத்தகிரியிலிருந்து: அக்கா, அப்பாவ எழுப்பி நிக்க வெச்சாலே விழுந்துடுவேன்னு நடுங்குறார். லாவெண்டர் எண்ணெய் கேக்குமா?

பயம் கொஞ்சம் இறங்கலாம் தம்பி, ஆனா கை கால் அதனால வராது, பயிற்சியால தான் வரும். ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல நாலஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு இந்த பதட்டம் இருக்கு, அப்பா வேணும்னே அடம் பிடிக்கல. லாவெண்டர் பதட்டத்த குறைக்குதுன்னு சின்ன சின்ன ஆய்வுகள் சொல்லுது, ஸ்ட்ரோக்குக்குன்னே பெரிய ஆய்வு போதாது. பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டு ஒரு அடி தள்ளி வெச்சுட்டு, மூச்ச இழுக்கறத விட விடறத நீளமா விடச் சொல்லுங்க, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு நிக்க வைங்க, நீங்க பலவீனமான பக்கம் நின்னுக்கோங்க.

ஊட்டியிலிருந்து: அம்மா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறாங்க, தோள் வலின்னு வின்டர்கிரீன் தைலம் தேய்க்கறோம், தப்பில்லையே?

இன்னைக்கே நிறுத்திடுங்க. நம்ம ஊர் கடைல எல்லாம் கிடைக்குதுன்னு சாதாரணமா நினைக்கறோம், ஆனா அதுல கிட்டத்தட்ட முழுசுமே மெத்தில் சாலிசிலேட் தான், ஆஸ்பிரினோட சொந்தம், தோல் வழியா ரத்தத்துல சேர்ந்துடும். வார்ஃபரின், அதே மாதிரி மாத்திரையான அசிட்ரோம் சாப்பிடறவங்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். ஏற்கெனவே தேச்சிருக்கறதால டாக்டர்கிட்ட சொல்லி ஐஎன்ஆர் பாத்துடுங்க, மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. பாட்டில உயரத்துல வைங்க, ஒரு டீஸ்பூன் உள்ள போனா 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருபதுக்கு மேல முழுங்கின அளவு. தோள் வலிக்கு தலையணை வெச்சு கைய தாங்கறது தான் முக்கியம், உணர்ச்சி இல்லாத கைய பிடிச்சு இழுக்கவே கூடாது.

அதே ஊர்: அப்ப யூகலிப்டஸ் போட்டு ஆவி பிடிக்கலாமா?

வேண்டாம். உணர்ச்சி குறைஞ்ச பக்கம் வெந்நீர் பட்டா சுடறதே தெரியாது. யூகலிப்டஸ் உள்ள போனா வலிப்பு வரலாம், முழுங்க சிரமப்படறவங்க மூக்குல எந்த எண்ணெயும் விடாதீங்க, நுரையீரலுக்கு போயிடும்.

கொடைக்கானலிலிருந்து: மாமாவுக்கு வாசனையே தெரியலயாம், சொட்டு கூட்டலாமா?

கூட்டாதீங்க. ஸ்ட்ரோக்ல மோப்ப சக்தி குறையறது உண்டு. அவருக்கு பிடிச்ச பாட்டு போடுங்க, அதுவும் மனச அமத்தும். பேச முடியாதவங்களா இருந்தா முகத்த திருப்பறாங்களான்னு பாருங்க, திருப்பினா பிடிக்கலைன்னு அர்த்தம், பஞ்ச எடுத்துடுங்க.

கூடலூரிலிருந்து: எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, பயிற்சிக்கே வரமாட்டேங்கறாங்கன்னா சொல்லிடுங்க, பதட்டத்துக்கு மாத்திரையும் கவுன்சலிங்கும் இருக்கு. ஆனா திடீர்னு வாய் கோணுது, கை விழுது, பேச்சு குழறுதுன்னா அத பதட்டம்னு நினைச்சு தைலம் தேச்சிட்டு உக்காராதீங்க, உடனே 108. மூளை ரத்தக்குழாய்ல அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம் தான் டைம், அதுல மலை இறங்கவே எவ்வளவு போயிடும்னு நமக்கு தெரியும்ல.