மனநலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். அவருக்கு வயது 36. குடியோ புகையோ கிடையாது. இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டு ஆடுகிறார். தருமபுரியில் கூடு விற்று வரும் பணம் இரண்டே நாளில் கரைந்துவிடுகிறது. புழுவைத் தாக்கும் ஊசி ஈயைத் தடுக்க வலை வாங்கியதாகச் சொன்னார், வாங்கவில்லை. என் தோடு அடகில் இருப்பது அடகுக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "விட்டதைப் பிடித்ததும் நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். மாமியார் இரண்டு முறை கடனை அடைத்துவிட்டு, வெளியே சொன்னால் மானம் போகும் என்று என் வாயை அடைக்கிறார். இது நோயா, கெட்ட பழக்கமா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு

பதில்: நோய்தான், அம்மா. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சூதாட்டக் கோளாறை அடிமைப் பழக்கங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, இதற்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்லி, ஓராண்டுக்குள் அவற்றுள் குறைந்தது நான்கு காணப்பட்டால் நோய் என்று கொள்ளச் சொல்கிறது. அந்த ஒன்பதில் மூன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: இழந்ததை மீட்க மறுபடி ஆடுவது, ஆடியதை மறைக்கப் பொய் சொல்வது, விளைந்த கடனுக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது.

இவற்றுள் முதலாவதைத்தான் நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். "விட்டதைப் பிடித்ததும்" என்று அவர் சொல்வதை நிறுத்துவதற்கான வாக்குறுதியாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். உண்மையில் அது தொடர்ந்து ஆடுவதற்கு அவர் தமக்கே கொடுத்துக்கொள்ளும் அனுமதி. எப்போது வரும் என்று தெரியாமல் இடையிடையே வரும் சிறு வெற்றிகளும், ஒரு சீட்டில் தவறிப்போன ஆட்டங்களும், அடுத்த ஆட்டம் நமக்குத்தான் என்ற நம்பிக்கையை மூளையில் ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இழப்பு கூடக்கூட ஆட்டம் குறையும் என்று காத்திருப்பது வீண்.

மீதி அறிகுறிகளை நீங்களே கவனிக்கலாம். முன்பு நூறு ரூபாயில் ஆடியவர் இப்போது ஆயிரத்தில் ஆடுகிறாரா, ஆடாமல் இருக்கும் நாளில் காரணமின்றி எரிந்து விழுகிறாரா, மனம் சோர்ந்த நேரத்தில் கைப்பேசியைத் தேடுகிறாரா, நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதுண்டா என்று பாருங்கள். குடித்தவரின் வாய் நாறும். இந்தப் பழக்கத்துக்கு அப்படி வாடை இல்லாததால், நள்ளிரவில் வங்கிக் கணக்கிலிருந்து சிறிது சிறிதாகப் போகும் பணம், கடன் செயலிகளின் குறுஞ்செய்திகள், வெளியே போய்ப் பேசும் அழைப்புகள் ஆகியவற்றைத்தான் தடயமாகக் கொள்ள வேண்டும். உங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. ஐந்தாம் பருவத்துப் புழு தன் வாழ்நாள் தீனியில் பெரும்பகுதியை அந்தச் சில நாள்களில்தான் தின்கிறது. அந்த வேளையிலும் தழை போட மறந்து ஒருவர் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பாரானால், போன பணத்தைவிட அது பெரிய அறிகுறி.

மாமியாரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அடைத்த ஒவ்வொரு கடனும் மகனுக்கு அடுத்த ஆட்டத்துக்கான முதலாகிவிட்டது. இனி யாரும் இரகசியமாகக் கடன் அடைக்க வேண்டாம்; எல்லாக் கடன்களையும் அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கூடு விற்ற பணம் மொத்தமாகக் கைக்கு வருவது இத்தகையவருக்கு ஆபத்தானது என்பதால், சிகிச்சை முடியும்வரை வரவு செலவு உங்கள் கணக்கு வழியாக நடக்கட்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்து செல்லுங்கள். எண்ணப் போக்கை மாற்றும் உளவியல் சிகிச்சையே இதற்கு முதன்மையானது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும்.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போல அவர் ஒரு சொல் சொன்னாலும் அதை வெறும் பேச்சாக விட்டுவிடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். சட்டம் வந்தபின் ரம்மி செயலிகள் நின்றுவிட்டன. இப்போது டெலிகிராம் குழு வழியாகக் கிரிக்கெட் பந்தயம் மட்டும்தான்; சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் போவதில்லை. நான் அடிமையா?
- வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் சொல்லும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவோர், விளம்பரம் செய்வோர், அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோர் ஆகியோரை அது குறிவைக்கிறது. கடை மூடியதும் வேறு கடை தேடியிருக்கிறீர்கள். இதை நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கவில்லை. கால்வாசியா அரைவாசியா என்பது அளவுகோல் அன்று. மருத்துவர்கள் முதலில் இரண்டே கேள்விகள் கேட்பதுண்டு: மேலும் மேலும் அதிகமாகப் பணம் கட்ட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் எப்போதாவது பொய் சொன்னீர்களா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அருகில், பெங்களூரு ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வாழ்நாளில் சூதாடாத மனிதர், சில மாதங்களாகத் திருட்டுத்தனமாக விற்கும் மூன்று நம்பர் லாட்டரியில் ஓய்வூதியத்தை இறைக்கிறார். வயதான காலத்தில் ஏன் இந்தப் புத்தி?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அவரைத் திட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் மூளையில் ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போலவே செயல்படுவதால், சிலருக்குச் சூதாட்டம், அளவுக்கு மீறிப் பொருள் வாங்குதல், அடங்காத தீனி, மிகுந்த பாலுணர்வு ஆகிய பக்கவிளைவுகள் ஏற்படுகின்றன. இது அறியப்பட்ட விளைவே. மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது வேறு ஆபத்துகளைக் கொண்டுவரும். லாட்டரி வாங்கத் தொடங்கியது எப்போது, மாத்திரை அளவைக் கூட்டியது எப்போது என்று தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த வாரமே அவருடைய நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.