வலைப்பக்கத்தில் திறக்கும் ஒரு பெட்டியை மூடிய பிறகும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் லிசனர் ஓடுகிறது, எல்லாவற்றையும் நாமேதான் கழற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை. லிசனர் என்றால் கிளிக், விசைத் தட்டல் போன்ற ஒன்று நடந்ததும் ஓடும்படி மாட்டிவைக்கும் ஃபங்ஷன். ஒரு பட்டனில் மாட்டிய லிசனர் அந்தப் பட்டனோடேயே போய்விடும். பட்டனைப் பக்கத்தில் இருந்து நீக்கிய பிறகு வேறெதுவும் அதைப் பிடித்து வைத்திருக்காவிட்டால் பிரவுசர் இரண்டையும் சேர்த்தே அள்ளி எறிந்துவிடும். உங்கள் தொல்லை முழுப் பக்கத்துக்கும் பொதுவான விண்டோவிலோ டொக்கியுமென்டிலோ மாட்டியதால் வருவது. பக்கம் திறந்திருக்கும்வரை அவை இருக்கும், அவற்றில் மாட்டிய ஃபங்ஷனும் இருக்கும், அந்த ஃபங்ஷன் உங்கள் பெட்டியின் மாறிகளை விடாமல் பிடித்திருக்கும். திரையில் இல்லாத பெட்டி மெமரியில் கிடந்து வேலையும் செய்யும்.

எனக்கு இது விளங்கியது கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையில். பெரும்போக அறுவடை நேரம். லொறி தராசில் ஏறியதும் திரையில் ஒரு பெட்டி திறக்கும், மூடைக் கணக்கும் எடையும் அடித்து என்டரைத் தட்டினால் பதிந்து மூடிவிடும். என்டருக்கான கீடவுன் (விசையை அழுத்தியதும் ஓடும்) லிசனரை விண்டோவில் மாட்டினேன், மூடும்போது கழற்றவில்லை. வீட்டில் சோதித்தபோது ஒவ்வொரு தரமும் பக்கத்தை ரீலோட் பண்ணியதால் பிழை கண்ணில் படவேயில்லை, ஆலையிலோ காலையில் திறந்த பக்கம் பொழுதுபடும்வரை அப்படியே கிடந்தது. இரண்டாவது லொறிக்கு என்டர் தட்டியபோது முதலாவதும் திரும்பப் பதிந்தது, மூன்றாவதற்கு மூன்றும் பதிந்தன, இப்படியே 20 லொறிக்கு 210 பதிவு. ஆலைக்கார ஐயா மொத்தத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு நெல்லு முழு வன்னியிலயும் விளையேல்லையே" என்றார். அன்றிரவு கொப்பியை வைத்துக்கொண்டு 190 பதிவைக் கையால் அழித்தேன்.

சரி என்று, லிசனரைக் கழற்றும் ரிமூவ்இவென்ட்லிசனரைப் போட்டேன், அதுவும் பலிக்கவில்லை. நிறையப் பேர் விழும் குழி இதுதான். மாட்டிய அதே ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும், அதே மாதிரி எழுதிய இன்னொன்றைக் கொடுத்தால் போகாது. நான் மாட்டும்போதும் பைண்ட் (ஃபங்ஷனுக்குள் this எது என்று கட்டிவிடுவது), கழற்றும்போதும் பைண்ட் போட்டிருந்தேன், பைண்டோ ஒவ்வொரு தரமும் புது ஃபங்ஷனைத்தான் தரும். இதில் எரிச்சல், பிழைச் செய்தி ஒன்றும் வராது, பேசாமல் இருந்துவிடும். மாட்டும்போது கொடுக்கும் தெரிவுகளில் கப்சர் ட்ரூ என்று மாட்டியிருந்தால் கழற்றும்போதும் அப்படியே சொல்ல வேண்டும், பாசிவ், வன்ஸ் என்ற மற்ற இரண்டையும் ரிமூவ்இவென்ட்லிசனர் பார்ப்பதில்லை.

இப்போது நான் பாவிப்பது அபோர்ட்கன்ட்ரோலர், தன் சிக்னலைக் கொடுத்த எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த உதவுவது. 2021இல் இருந்து பெரிய பிரவுசர்களில் லிசனருக்கும் சிக்னல் கொடுக்கலாம். பெட்டிக்கு ஒரு கன்ட்ரோலர், எல்லா லிசனருக்கும் அதன் சிக்னல், மூடும்போது ஒரே ஒரு அபோர்ட், அவ்வளவுதான். சர்வரிடம் தரவு கேட்கும் ஃபெட்ச் கோரிக்கைக்கும் அதே சிக்னலைக் கொடுக்கலாம், ஆனால் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் செட்இன்டர்வலுக்கு இது உதவாது, அதைத் தனியாக நிறுத்துங்கள். கஸ்டம் எலிமென்ட் (நீங்களே உருவாக்கும் டேக்) என்றால் கன்ட்ரோலரைக் கன்ஸ்ட்ரக்டரில் உருவாக்காதீர்கள். எலிமென்டை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினாலே, நீங்கும்போதுள்ள டிஸ்கனெக்டட்கால்பேக்கும் பிறகு சேரும்போதுள்ள கனெக்டட்கால்பேக்கும் ஓடும், முதலாவதில் ஏற்கெனவே அபோர்ட் ஆன சிக்னலைக் கொடுத்தால் லிசனர் மாட்டுப்படவே மாட்டாது. கனெக்டட்கால்பேக்கில் ஒவ்வொரு தரமும் புதிதாக உருவாக்குங்கள்.

ரியாக்ட் லைப்ரரி என்றால் யூஸ்எஃபெக்டில் இருந்து திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனில் அபோர்ட் பண்ணுங்கள். ரியாக்ட் 18இல் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை முறை, நிரல் எழுதும் நேரத்தில் கொம்போனன்டை ஒருதரம் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டும். லிசனர் இரண்டுதரம் ஓடுகிறதே என்று ஸ்ட்ரிக்ட் மோடையே நிறுத்திவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், பிழையைக் காட்டித் தருவதே அதுதான்.

சோதிக்க, குரோம் கன்சோலில் கெட்இவென்ட்லிசனர்ஸ் ஃபங்ஷனுக்கு விண்டோவைக் கொடுத்துப் பாருங்கள். பெட்டியைப் பத்துத்தரம் திறந்து மூடிவிட்டு, பக்கத்தை ரீலோட் பண்ணாமல், எண்ணுங்கள்.