கல்லிப்போலியில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்களிலேயே வயதில் மிகச் சிறியவர் யார்? அவர் கதை என்ன?

ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ட்டின். ஜிம் என்று கூப்பிடுவார்கள். இறந்தபோது அவனுக்கு 14 வயது 9 மாதம். துருக்கியில் இருக்கும் கல்லிப்போலியில் மட்டுமல்ல, முதல் உலகப்போரில் உயிர்விட்ட ஆஸ்திரேலியர்கள் அத்தனை பேரிலும் வயதில் மிகச் சிறியவன் இவன்தான் என்று கருதப்படுகிறது.

நான் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் உலகப்போர் பாடம் வந்தால் ஜிம்மைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். என் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதுதான் அவனுக்கும். இணையத்தில் அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'வீரச் சிறுவன்' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அவனுக்குத் துணிச்சல் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனைப் போருக்கு அனுப்பிவைத்த பெரியவர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

1901 ஜனவரி 3 அன்று நியூ சவுத் வேல்ஸில் டோகும்வால் என்ற ஊரில் பிறந்தான். ஆறு பிள்ளைகளில் மூன்றாவது, ஒரே பையன். அப்பா சார்ல்ஸ் மளிகை வேலை, கூலி வேலை, குதிரை வண்டி ஓட்டுவது என்று கிடைத்ததைச் செய்தவர். வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் குடும்பமும் கூடவே போனது. கடைசியில் 1910இல் மெல்போர்னில் ஹாதோர்ன் பகுதியில் குடியேறினார்கள். அங்கே பள்ளியில் படித்தான். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியப் பள்ளிப் பையன்களுக்கு அணிவகுப்பும் ராணுவப் பயிற்சியும் கட்டாயம், ஜிம்மும் அதில் இருந்தான். படிப்பை முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் பண்ணை வேலைக்குப் போனான்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் யாரையும் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கவில்லை. கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று 1916, 1917 இரண்டு வருடமும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்ற முடிவுதான் வந்தது. அதனால் கடல் கடந்து போனவர்கள் எல்லோருமே தாமாக முன்வந்தவர்கள். ஜிம்மின் அப்பாவும் சேரப் போனார், எடுத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை அப்பா, நான் போகிறேன் என்றானாம் பையன்.

வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் விடவில்லை. நீங்கள் சம்மதிக்காவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துகொள்வேன், அப்புறம் கடிதமும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அம்மா அமீலியா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் அந்த அம்மாவைத்தான் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளை வேறு பெயரில் போய்விட்டால், அவன் எங்கே இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது. அடிபட்டாலும் செத்தாலும் வீட்டுக்குத் தகவல் வராது. எப்படியும் போகத்தான் போகிறான் என்றான பிறகு, சொந்தப் பெயரிலாவது போகட்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் என்ன தப்பு?

நான் கோபப்படுவது ஆள்சேர்ப்பு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்மேல்தான். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 21க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று விதி இருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை, சொன்ன வயதை எழுதிக்கொண்டார்கள். 1915 ஏப்ரல் 12 அன்று 18 வயது என்று சொல்லிப் படையில் சேர்ந்தான் ஜிம். உண்மையில் அப்போது 14 முடிந்து மூன்றே மாதம். வயதுக்கு மீறிய உயரம்தான், இருந்தாலும் பல வருடமாக இந்த வயதுப் பையன்களோடு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 14க்கும் 18க்கும் வித்தியாசம் முகத்தில் தெரியும். பார்க்க விரும்பாதவர்களுக்குத்தான் தெரியாது.

அவன் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 25 அன்று, ஆஸ்திரேலிய நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கல்லிப்போலி தீபகற்பத்தில் இறங்கின. ஜிம் இருந்தது 21ஆம் பட்டாலியனில். ஜூன் கடைசியில் மெல்போர்னிலிருந்து 'பெரிமா' கப்பலில் கிளம்பி எகிப்து போனார்கள். அங்கே கொஞ்ச நாள் பயிற்சி. பிறகு அலெக்சாண்டிரியாவிலிருந்து 'சவுத்லேண்ட்' கப்பலில் கல்லிப்போலிக்குப் புறப்பட்டார்கள். செப்டம்பர் 2 அன்று லெம்னோஸ் தீவுக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை டார்பிடோவால் அடித்தது. கப்பல் மூழ்கவில்லை, மெல்ல ஓட்டிப்போய்க் கரை சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஜிம் கடலில் கிடந்தான், மீட்கும்வரை நாலு மணி நேரம்.

அத்தனைக்கும் பிறகு திருப்பி அனுப்பவில்லை, ஆறே நாளில், செப்டம்பர் 8 அதிகாலையில், கல்லிப்போலியில் இறக்கினார்கள்.

அவன் போன சமயம் பெரிய தாக்குதல்கள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தன. லோன் பைன், நெக் போன்ற இடங்களில் ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொடுத்தும் நிலைமை மாறவில்லை. இரண்டு பக்கமும் பதுங்குகுழியில் உட்கார்ந்திருந்தன. குண்டுக்கு இணையாக நோயும் ஆளைச் சாய்த்தது. மூடாத பிணங்கள், திறந்த கழிப்பிடங்கள், எங்கு பார்த்தாலும் ஈ. குடிதண்ணீரைக் கப்பலில் கொண்டுவந்து அளந்து கொடுத்தார்கள். சாப்பாடு, டின்னில் அடைத்த மாட்டிறைச்சியும் கல் போன்ற பிஸ்கட்டும் ஜாமும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் படை முழுக்கப் பரவின.

ஜிம் வீட்டுக்குக் கடிதம் எழுதினான். நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்கிறான். கூடவே, விக்டோரியாவை (மெல்போர்ன் இருக்கும் மாநிலம்) விட்டுக் கிளம்பியதிலிருந்து வீட்டிலிருந்து ஒரு கடிதமும் வந்து சேரவில்லை என்றும் எழுதுகிறான். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறும்.

டைபாய்டு வந்த பிறகும் மருத்துவரிடம் போகாமல் பதுங்குகுழியிலேயே இருந்தான். ரொம்ப முற்றிய பிறகு அக்டோபர் 25 அன்றுதான் 'கிளெனார்ட் காசில்' என்ற மருத்துவக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். தனக்குச் செய்த உதவிக்கெல்லாம் நன்றி சொன்னானாம், பிறகு தூங்கினானாம். கப்பலின் தலைமைச் செவிலியர் ஜிம்மின் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் தகவல் இது. அன்று மாலையே இதயம் நின்றுவிட்டது. உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். தனிக் கல்லறை கிடையாது, லோன் பைன் நினைவிடத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்துக்குள், டிசம்பரில், ஆஸ்திரேலியப் படை அந்த இடத்தையே காலி செய்துவிட்டுக் கிளம்பியது.

இன்னொருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாஸ்மேனியாவைச் சேர்ந்த அலெக் கேம்பெல். 16 வயதில், ஜிம்மைப் போலவே 18 என்று சொல்லிச் சேர்ந்தவர். கல்லிப்போலியில் தண்ணீரும் தளவாடமும் சுமந்தார். நோயோடுதான் ஊர் திரும்பினார், ஆனால் பிழைத்துக்கொண்டார். தச்சு வேலை, தொழிற்சங்கம் என்று வாழ்ந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினார், பாய்மரப் படகுப் போட்டிகளில் கலந்துகொண்டார், ஒன்பது பிள்ளைகளுக்கு அப்பா ஆனார். கல்லிப்போலி போன ஆஸ்திரேலியர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். 2002 மே மாதம், 103 வயதில் இறந்தார். ஜிம்மை விட இரண்டு வயதுகூட மூத்தவர் இல்லை. அதனால்தான் இந்த இருவரையும் ஒரே வகுப்பில், ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறேன்.