குஞ்சு ஏன் இரை எடுப்பதில்லை? வான்கோழி வளர்ப்புக் கேள்வி-பதில்

கேள்வி: புதிதாகப் பத்து வான்கோழிக் குஞ்சு வாங்கினேன். மூன்று நாளில் நான்கு செத்துவிட்டன. தீவனமும் தண்ணீரும் காலடியிலேயே இருந்தும் தொடவில்லை. என்ன நோய்?

பதில்: அநேகமாக நோய் இல்லை, பட்டினிதான். கோழிக்குஞ்சு பொரித்த கையோடு கொத்தித் தின்னத் தொடங்கிவிடும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மந்தம், பயமும் அதிகம். தட்டில் ஏறி நின்றுகொண்டே பசியில் கத்தும்.

வந்த அன்றே ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைத் தண்ணீரில் நனைத்து விடுங்கள். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு நாலைந்து போடுங்கள். பளபளப்பைக் கொத்தப் போய்க் குடிக்கப் பழகும், முங்கிச் சாகவும் வழியில்லை. அவித்த முட்டையை உதிர்த்துத் தீவனத்தின் மேல் தூவுங்கள். பத்துக் குஞ்சுக்கு நாளைக்கு ஒரு முட்டை, முதல் 15 நாளைக்கு. தட்டு ஓரத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் சத்தம் கேட்டு வரும். முதல் 4 வாரத்துக்குத் தீவனத்தில் 28 சதவீதம் புரதம் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கு முதலில் போடும் 'ஸ்டார்ட்டர்' தீவனத்தில் அவ்வளவு இருக்காது.

இரண்டு கோழிக்குஞ்சை உள்ளே விட்டால் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். கற்றுக்கொள்ளும்தான். ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: நாட்டுக்கோழியோடு ஒரே பட்டியில் விடலாமா?

பதில்: வேண்டாம். கோழியின் குடலில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற நுண்ணுயிரி ஒளிந்திருக்கும். கோழிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வான்கோழிக்கு அது ஈரலைத் தின்னும் 'ப்ளாக்ஹெட்' நோய். எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும், றெக்கை தொங்கும், சில நாளில் செத்து விழும். அந்தப் புழுமுட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், மண்புழு வழியாகவும் ஏறும். அதனால் கோழி மேய்ந்த இடத்திலும் வான்கோழியை விடாதீர்கள். தவறாமல் குடற்புழு நீக்குங்கள்.

கேள்வி: சொந்தமாகக் குஞ்சு எடுக்க எந்த இனம் நல்லது?

பதில்: எடையை மட்டும் பார்த்து 'அகன்ற மார்பு வெள்ளை' என்ற இனத்தை வாங்காதீர்கள். நெஞ்சுக்கறி அளவுக்கு மீறிப் பெருத்து, ஆணால் தானாக இணை சேர முடியாது. செயற்கைக் கருவூட்டல் செய்ய வேண்டியிருக்கும், வீட்டில் வளர்ப்பவருக்கு அது தேவையில்லாத வேலை. நாட்டுக் கறுப்பு, அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை, இந்த இரண்டையும் கலந்து தமிழ்நாட்டில் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 இவற்றில் ஒன்று போதும். ஏறக்குறைய 30 வாரத்தில் முட்டைக்கு வரும். ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண். பெட்டையே அடை காக்கும், 28 நாளில் பொரிக்கும்.

கேள்வி: பழைய ஆணை விற்றுவிட்டுப் புதியதை விட்டிருக்கிறேன். இப்போதே அடை வைத்தால் குஞ்சு புதியதுடையதுதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ஒருமுறை இணை சேர்ந்தால் பெட்டை அந்த விந்தை உடம்பில் வாரக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும், சிலவற்றில் பத்து வாரம் வரைகூட. வம்சம் முக்கியமென்றால் அவ்வளவு காலம் ஆண் இல்லாமல் வைத்திருந்து அப்புறம் புதியதை விடுங்கள். அதுவரை வரும் முட்டையைச் சமைத்துச் சாப்பிடுங்கள், கோழிமுட்டையைவிடப் பெரியது.

கேள்வி: ஆண் ஏறி ஏறிப் பெட்டையின் முதுகு கிழிந்திருக்கிறது.

பதில்: ஆணின் நகத்தையும் கால்முள்ளையும் மழுங்க வெட்டுங்கள். புண் ஆறும் வரை பெட்டையைத் தனியே அடையுங்கள். மற்றவை ரத்தத்தைக் கண்டால் கொத்தியே கொன்றுவிடும்.