கல்லால் கட்டிய நோட்ர டாம் பேராலயம் எப்படித் தீப்பற்றி எரிந்தது?

2019 ஏப்ரல் 15 மாலை பாரிஸில் எரிந்தவை அப்பேராலயத்தின் கற்சுவர்கள் அல்ல. கல்லால் வளைத்துக் கட்டிய உட்கூரைக்கு மேலே, ஈயத் தகடு வேய்ந்த வெளிக்கூரையைத் தாங்கி நின்ற மரச்சட்டகமே எரிந்தது. அதன் ஓக் உத்தரங்களில் பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அடுப்பில் பெரிய விறகுக்கட்டை எளிதில் பற்றாது. பற்றிவிட்டாலோ தண்ணீர் தெளித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் காய்ந்த அந்த உத்தரங்களும் அப்படித்தான் எரிந்தன. வெளியிலிருந்து பாய்ச்சிய நீர் உள்ளே செல்லாதபடி ஈயக்கூரை தடுத்தது. 327 டிகிரி செல்சியஸில் அந்த ஈயமும் உருகி வழிந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், 90 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்த ஊசிக்கோபுரம் முறிந்து, கல் வளைவைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. மற்ற வளைவுகளில் பெரும்பகுதி கேடயம்போலத் தாங்கி நின்றதனால்தான் மூன்று பெரிய ரோஜா வடிவக் கண்ணாடிச் சாளரங்களும் ஆர்கன் என்னும் பேரிசைக்கருவியும் தப்பின என்பது பெரும் ஆறுதல்; 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

விமானத்திலிருந்து நீரைக் கொட்டியிருந்தால் ஆலயத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பலர் இன்னமும் எண்ணுகிறார்கள். ஆனால் டன் கணக்கான நீர் ஒரே வீச்சில் விழுந்தால், வெப்பத்தால் ஏற்கெனவே தளர்ந்திருந்த கல் வளைவுகளே இடிந்திருக்கக்கூடும்.