த்ரூ-ஹைக்கிங் (நீண்ட பாதை ஒன்றை ஒரே பயணத்தில் முழுவதும் நடப்பது) போகிறவர்களுக்கு உடல் பெரிய சவாலா, மனம் பெரிய சவாலா?

கேட்டவர் ஜிம்முக்குப் போய்ப் பழகியவர். அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில் மாதிரியான நீண்ட நடைபாதையை ஒரே மூச்சில் முடிக்க அந்த உடற்தகுதி போதுமா என்று கேட்டிருக்கிறார்.

போதாது. உடல், மனம் இரண்டுமே சோதிக்கப்படும். ஆனால் ஒரே சமயத்தில் அல்ல. முதல் ஐந்தாறு வாரம் உடலின் முறை. உடல் பழகி, "இனிமேல் கவலையில்லை" என்று நினைக்கும்போது மனதின் முறை வருகிறது. பலர் முதலாவதற்கு மட்டும் தயாராகிறார்கள்.

அளவு புரிவதற்காக: அப்பலாச்சியன் ட்ரெயில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கி.மீ., பெரும்பாலோருக்கு 5 முதல் 7 மாதம். முழுவதும் நடக்கக் கிளம்புகிறவர்களில் சுமார் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார்.

மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அந்த வேகத்தில் தேறாது, மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளிதான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறது. மூன்றாவது வாரத்தில் மேடு ஏறினால் மூச்சு வாங்காது, நாளுக்கு 30 கி.மீ. போகலாம் என்று தோன்றும். அப்படிப் போனால் கணுக்காலுக்கு மேலுள்ள குதிநாண் வீங்கும், அல்லது முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். முதல் இரண்டு வாரம் 12 முதல் 16 கி.மீ.யோடு நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் தினசரி தூரத்தில் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் கூட்டுங்கள். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை முழு ஓய்வு வேண்டும்.

வலியை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு காலிலும் பரவலாக இருந்து, நடக்க நடக்கக் குறைகிற வலியோடு தொடரலாம். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் இருந்து, நடக்க நடக்கக் கூடினால் நின்றுவிட வேண்டும். அதை மறைக்கத் தினமும் இபுப்ரோஃபென் வலிமாத்திரை போட்டுக்கொண்டு நடப்பது மோசமான பழக்கம். எச்சரிக்கை மணி அணைந்துபோகும். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

பாதம் தனிக்கதை. சுமையோடு மாதக்கணக்கில் நடந்தால் பாதம் வீங்கி அகலமாகும், அதனால் ஷூ அரை முதல் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். ட்ரெயில் ரன்னர் ஷூ (கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கான இலகுவான ஷூ) பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும், 3,500 கி.மீ.க்கு ஐந்து முதல் ஏழு ஜோடி வேண்டும். மேல்துணி நன்றாகத் தெரிந்தாலும் அடிப்பகுதி நுரை அமுங்கிச் செத்திருக்கும். காலையில் வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கொப்புளம் வரும் முன்பு அந்த இடம் சூடாக உறுத்தும். "அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்" என்று தள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, டேப் ஒட்டுங்கள். நடக்க இரண்டு ஜோடி சாக்ஸ், தூங்க மட்டும் ஒரு ஜோடி. மூன்றாவதை எவ்வளவு குளிரானாலும் நனைய விடாதீர்கள்.

பசியை யாரும் முன்கூட்டி நம்புவதில்லை. கடினமான நாளில் 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவாகும். நாளுக்கு 700 முதல் 900 கிராம் உணவு சுமந்தாலும் அதை முழுதாக ஈடுகட்ட முடியாது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4. ஆகவே ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் பையில் இருக்கட்டும். மூன்றாவது நாள் மாலையில் காரணமில்லாமல் கோபமோ அழுகையோ வந்தால், முதலில் சாப்பிடுங்கள். மனச்சோர்வு என்று நினைத்ததில் பாதி, வயிறு காலியானதால் வந்ததாக இருக்கும்.

தண்ணீர் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடக்கூடும், வெளியே தெரியாது. உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும் நோரோவைரஸை கைச் சானிடைசர் சரியாகத் தடுக்காது, சோப்பும் தண்ணீரும்தான் வழி.

இனி மனம். தொடக்கத்தில் எல்லாமே புதிது, கடைசியில் முடிவு கண்ணுக்குத் தெரியும். ஆபத்து நடுவில். அப்பலாச்சியனில் அது வர்ஜீனியா: ஒரே மாநிலத்தில் கிட்டத்தட்ட 880 கி.மீ., மரக்கூரைக்கு அடியில் ஒரே பச்சை, வாரக்கணக்கில் மாநில எல்லைப் பலகையே வராது. அங்கே மனதைத் தின்பது சலிப்புதான். அதோடு ஐந்து நாள் தொடர் மழை சேர்ந்தால், காலையில் ஈரச் சாக்ஸுக்குள் கால் நுழைக்கும் அந்த அரை நிமிடத்தில் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அதற்காகத்தான் மோசமான நாளில் விலகும் முடிவை எடுக்காதீர்கள் என்று நடப்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஊருக்குப் போய், குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு இரவு காய்ந்த படுக்கையில் தூங்குங்கள். அப்போதும் போக மனமில்லை என்றால் தயக்கமின்றி விலகலாம், அது தோல்வி அல்ல. மொத்த தூரத்தை நினைக்காமல் அடுத்து உணவு வாங்கும் இடம் வரையிலான நான்கைந்து நாளை மட்டும் கணக்கில் வையுங்கள். கூட்டத்தோடு ஒட்டுவதற்காக அவர்களுடைய வேகத்தில் நடக்காதீர்கள். தனிமைக்குப் பயந்து வேகம் கூட்டியவர்களின் கால்தான் முதலில் உடைகிறது.

முடித்த பிறகும் ஒரு சரிவு உண்டு. நாள் முழுக்க நடந்த உடல் திடீரென்று நிற்கிறது, காலையில் எழக் காரணமாக இருந்த இலக்கும் போய்விடுகிறது. பசி மட்டும் சில வாரம் அப்படியே இருக்கும். திரும்பிய மறுநாளிலிருந்தே தினம் ஒரு மணி நேரமாவது நடக்கத் திட்டம் வையுங்கள். கூட நடந்த இரண்டு மூன்று பேருடைய எண்களைப் பாதையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெறுமையை வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்குவது கடினம், கூட நடந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.